பேட்டாவும் சம்பளமும்

கனரக வாகனம் ஓட்டும் உரிமத்தைப் புதிதாகப் பெற்ற இளைஞர் ஒருவர், லாரி உரிமையாளரிடம் வேலை கேட்டுச் செல்கிறார். அவர் கேட்கும் முதற்கேள்வி என்னவாக இருக்கும்? அலுவலகத்தில் வேலை தேடுபவர் மாதச் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார். லாரி ஓட்டுநரோ பெரும்பாலும், "நடைக்கு என்ன கிடைக்கும்? பேட்டா எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே நெடிய வரலாறு ஒன்று இருக்கிறது. மாணவ நேயர்களுக்கு அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே என் நோக்கம்.

சென்னையில் தேனாம்பேட்டை வழியாகச் செல்லும் அண்ணா சாலையை நீங்கள் அறிவீர்கள். முன்னாளில் அதன் பெயர் மவுண்ட் ரோடு. புனித ஜார்ஜ் கோட்டையையும், படைகள் தங்கியிருந்த பரங்கிமலையையும் இணைத்த சாலை அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைவீரர்கள் நடந்த அந்தக் காலத்திலேயே 'பேட்டா' என்ற சொல் ஊதியக் கணக்கில் புகுந்துவிட்டது. பாசறையை விட்டு வெளியூருக்குச் செல்லும் படையினருக்குச் சம்பளத்திற்கு மேல் கொடுக்கப்பட்ட படியே பேட்டா. வெளியூரில் உணவுக்கும் தங்குவதற்கும் ஆகும் கூடுதற் செலவை ஈடுசெய்வதே அதன் நோக்கம்.

ஆனால், செலவுக்கென்று வந்த பணம் நாளடைவில் வருமானமாகவே கருதப்பட்டது. வங்காளத்தில் மீர் ஜாபர் காலத்தில் கம்பெனி அதிகாரிகளுக்கு இரட்டைப் பேட்டா கிடைத்தது. 1766 ஆம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் அதனை நிறுத்தினார். அதிகாரிகள் கொதித்தெழுந்தனர், ஒரே நேரத்தில் அனைவரும் பதவி விலகுவதென்று கூடிப் பேசி முடிவு செய்தனர். கிளைவ் சென்னைக் கோட்டையிலிருந்து வேறு அதிகாரிகளை அனுப்பும்படி கேட்டு, அந்தக் கிளர்ச்சியை அடக்கினார். இதிலிருந்து நாம் அறிவது ஒன்று: கொடுப்பவர் பேட்டாவைச் சலுகை என்று எண்ணுகிறார், பெறுபவர் அதனை நம்பியே குடும்பம் நடத்துகிறார். கொடுப்பவர் நினைத்தால் நிறுத்திவிடக்கூடிய பணத்தின்மீது வாழ்க்கை எழுப்பப்படுகிறது.

படையினரின் அந்தச் சொல் பின்னர் மோட்டார்த் தொழிலுக்கும் வந்தது. லாரித் தொழிலில் புதியவர் கிளீனராகச் சேர்வது வழக்கம். வண்டியைக் கழுவுவார்; சக்கரத்திற்குக் கட்டை வைப்பார்; தார்ப்பாய் கட்டுவார்; ஓட்டுநரின் அருகிலிருந்தே தொழிலைக் கற்றுக்கொள்வார். அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் சாப்பாடும் கைச்செலவுக்குச் சிறு தொகையும்தான். பின்னர் உரிமம் பெற்று ஓட்டுநரானாலும், 'கற்றுக்கொள்கிற பையன்' என்ற எண்ணம் உரிமையாளர் மனத்திலிருந்து உடனே நீங்குவதில்லை. ஆகவே புதியவரின் சம்பளம் குறைவாகவே பேசப்படுகிறது. எஞ்சியதை நடைக்காசும் பேட்டாவும் நிரப்புகின்றன.

இந்த முறையில் உள்ள இடர் என்ன? நடைக்கு இவ்வளவு என்றால், விரைவாக ஓட்டினால்தான் மிகுதியாகப் பொருளீட்ட முடியும். சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரத்திற்கும், சோதனைச் சாவடியில் நிற்கும் நேரத்திற்கும், வண்டி பழுதாகிக் கிடக்கும் நாளுக்கும் மதிப்பு இல்லை. இழந்த நேரத்தை ஈடுகட்ட இரவில் உறக்கம் விலையாகிறது. அந்த உறக்கமின்மையின் விலையை ஓட்டுநர் மட்டுமல்லர், சாலையில் எதிரே வருபவரும் கொடுக்க நேரிடுகிறது.

சட்டம் இதனை உணராமல் இல்லை. 1939 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநர் ஒருவர் நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், வாரத்திற்கு 54 மணி நேரத்திற்கு மேலும் ஓட்டக்கூடாது என்றது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரைமணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. நாடு விடுதலை பெற்றபின், 1948 ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே பொது மோட்டார்ப் போக்குவரத்து இடம்பெற்றது. 1957 இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்ச ஊதியத்தைக் கணக்கிட ஒரு முறை வகுத்தது. ஒரு குடும்பத்தை மூன்று நுகர்வு அலகுகளாகக் கொள்ள வேண்டும். ஆளொன்றுக்கு 2,700 கலோரி உணவு வேண்டும். குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி வேண்டும். வீட்டு வாடகை சேர வேண்டும். எரிபொருள், விளக்கு முதலியவற்றிற்கு மொத்தத்தில் நூற்றுக்கு இருபது பங்கு ஒதுக்க வேண்டும். இந்தக் கணக்கில் வண்டி எத்தனை மைல் ஓடியது என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள். மனிதன் வாழ எவ்வளவு வேண்டும் என்பதே கேள்வி.

பின்னர் 1961 இல் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்பது அதன் பொது விதியாக இருந்தது. மிகுதி நேர வேலைக்கு இரட்டை ஊதியம் என்றது. ஏற்றுவதும் இறக்குவதும், வண்டியைப் பழுது பார்ப்பதும் வேலை நேரத்தில் சேரும் என்றது. எனினும் அதில் ஒரு வரம்பு இருந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட நிறுவனங்களுக்கே அது இயல்பாகப் பொருந்தியது. அதற்குக் குறைந்தவற்றிற்கு மாநில அரசு தனியே அறிவிக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் ஒரே லாரியை வைத்துத் தொழில் நடத்துவோர் மிகப் பலர். கடன் வாங்கி வண்டி எடுத்த அவர்களும் செல்வந்தர் அல்லர். அத்தகையவரிடம் சேரும் புதிய ஓட்டுநருக்கு அந்தச் சட்டத்தின் நிழல் எட்டாமற் போக இடமிருந்தது.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டில் மிகுதி நேர ஊதியத்திற்குச் சட்டம் செய்தபோது, மாநிலங்களுக்கிடையே சரக்கு வண்டி ஓட்டுவோரை அந்த விதியிலிருந்து விலக்கிவிட்டனர். அங்கே மைலுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வழக்கம் பரவியது. செல்வம் மிகுந்த நாட்டிலும் காத்திருக்கும் நேரத்திற்கு யார் பணம் கொடுப்பது என்ற வழக்கு தீரவில்லை.

பேட்டாவாக வந்தால் என்ன, சம்பளமாக வந்தால் என்ன, பணம் பணந்தானே என்று சிலர் கேட்கலாம். விபத்து நேரும் நாளில்தான் வேறுபாடு விளங்கும். 1923 ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வகுத்த கணக்கு இது: பணியின்போது தொழிலாளி இறந்தால், மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். இருபத்தைந்து வயதினருக்கு அந்த எண் 216.91. பயணப்படியும், வேலையின் தன்மையால் நேரும் தனிச் செலவுக்குக் கொடுக்கும் பணமும் ஊதியமாகா என்று அதே சட்டம் கூறியது. ஊதியத்திற்குரிய உச்சவரம்பைத் தாண்டாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் ஆயிரம் ரூபாய் பேட்டா என்ற பெயரில் கணக்கிலிருந்து விலகினால், ஐந்நூறை 216.91 ஆல் பெருக்கி வரும் 1,08,455 ரூபாய் அவர் குடும்பத்திற்குக் கிடைக்காமற் போகும். பேட்டா ஊதியமா, செலவா என்று வழக்கறிஞர்கள் வாதிடும்போது, அதனைச் சொல்ல வேண்டிய ஓட்டுநர் உயிரோடு இருப்பதில்லை.

பல்லாண்டுகளாக இந்த வாதங்கள் பேசப்படும் இடமும் நம் தேனாம்பேட்டையே. மாநிலத் தொழிலாளர் ஆணையரின் அலுவலகம் அங்குள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் அமைந்தது. போக்குவரத்துத் தொழிலாளரின் ஊதியப் பேச்சுவார்த்தைகள் அங்கே நடந்திருக்கின்றன. படையினர் பேட்டா பெற்று நடந்த அதே சாலையின் ஓரத்தில், அந்தப் பழைய வழக்கு வேறு உருவில் தொடர்ந்து வந்திருக்கிறது.

2019 ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டம் இதற்கு ஒரு விடை காண முயன்றிருக்கிறது. படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்பட்டால், மேற்பட்ட பகுதியை ஊதியமாகவே கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நல்ல விதிதான். ஆயினும் கொடுத்த பணத்திற்கு எழுத்து இல்லாத இடத்தில் பாதி எது, முழுமை எது என்று எவரால் அளக்க முடியும்?

ஆகவே, உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குச் செல்லும் இளைஞர் எதிர்பார்க்க வேண்டியது பெருந்தொகையை மட்டுமன்று. மாதச் சம்பளம் எவ்வளவு, அதில் சேராத பேட்டா எவ்வளவு, எத்தனை மணி நேர வேலை, காத்திருக்கும் நாளுக்கு என்ன, இவையெல்லாம் எழுத்தில் உண்டா என்று அவர் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது பேராசையன்று. நீங்கள் உண்ணும் அரிசியும், படிக்கும் புத்தகமும் ஏதோ ஓர் இரவில் லாரியில் வந்தவையே. அந்த இரவில் கண் விழித்திருந்தவருக்கு ஊதியம் வேறு, செலவு வேறு என்று பிரித்துக் கொடுப்பது ஈகையாகாது; கடமையே ஆகும்.