மண்தடத்திலிருந்து வீதிக்கு

இலக்கியம் பேசும் இடத்தில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். ஒரு பொருளின் வடிவம் ஏன் அவ்வாறு அமைந்தது என்று தேடிப் போவதும் வரலாறுதானே! அப்படி நாம் தேடிப்போன பொருள், 'ஸ்ட்ரீட் டிராக்கர்' என்று பெயர் பெற்ற ஒருவகை வண்டி.

கடையில் வாங்கிய சாதாரணச் சாலை வண்டியைப் பிரித்து, வேண்டாதவற்றைக் கழற்றி, அமெரிக்க மண்தடப் பந்தய வண்டியின் தோற்றத்தில் மீண்டும் பூட்டினால் கிடைப்பதே ஸ்ட்ரீட் டிராக்கர். அகன்ற ஹேண்டில்பார், சிறிய பெட்ரோல் டேங்க், தட்டையான மெல்லிய இருக்கை, அதன் பின்னே சற்றே நிமிர்ந்த வால், முன்னும் பின்னும் ஒரே அளவில் 19 அங்குலச் சக்கரங்கள், பக்கவாட்டில் எண் பலகை. பார்ப்பவர் பலரும் இதைப் பந்தய வேடம் புனைந்த சாலை வண்டி என்றே எண்ணுவர். அது பாதி உண்மை. அந்தப் பந்தய வண்டியே ஒரு காலத்தில் சாலை வண்டியாகத்தான் இருந்தது என்பது மறந்துபோன மறுபாதி.

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சி அமெரிக்க மோட்டார் சைக்கிள் தொழிலை நசுக்கியது. எக்செல்சியர் நிறுவனம் 1931இல் கதவடைத்தபின், பெரிய நிறுவனங்களாக எஞ்சியவை ஹார்லி டேவிட்சனும் இந்தியனும் மட்டுமே. (பெயரைக் கண்டு மயங்க வேண்டாம், அந்த 'இந்தியன்' மாசசூசெட்ஸ் மாநிலத்தது.) அதுவரை பந்தயம் என்பது நிறுவனங்கள் பெரும் பொருள் செலவில் செய்த தனி வண்டிகளின் ஆட்டமாக இருந்தது. அதற்கு இனிப் பணமில்லை. ஆகவே அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 1934 முதல் 'கிளாஸ் சி' என்னும் விதிமுறையை நடப்புக்குக் கொண்டுவந்தது. பொதுமக்களுக்கு விற்கப்படும் வண்டியே ஓட வேண்டும். பக்கவால்வு இயந்திரமானால் 750 சிசி வரை, ஓவர்ஹெட் வால்வு ஆனால் 500 சிசி வரை. விதியின் சாரம் இவ்வளவுதான்.

இதன் விளைவை நினைத்துப் பார்க்கிறோம். பட்டறைத் தொழிலாளி ஒருவர், வாரம் முழுவதும் வேலைக்குச் சென்றுவந்த அதே வண்டியில் பந்தய ஊருக்கு வருகிறார். வேலியோரம் நிறுத்தி ஹெட்லைட்டையும் மட்கார்டையும் முன்பிரேக்கையும் கழற்றிப் புல்லில் வைக்கிறார். பந்தயம் ஓடுகிறார். பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, இருட்டில் அதே வண்டியில் வீடு திரும்புகிறார், வண்டி இன்னும் ஓடும் நிலையில் இருந்தால். அக்காலப் பந்தய வீரர் பலரின் வாழ்க்கை இதுதான். ஸ்ட்ரீட் டிராக்கர் கட்டும் ஒருவர் இன்று பல வாரம் உழைத்துச் செய்வதை அவர்கள் அரைமணி நேரத்தில் கையிலிருந்த ஸ்பேனரால் செய்து முடித்தார்கள்.

ஓடிய களமும் எளியதே. மாவட்டச் சந்தைத் திடல்களில் குதிரைப் பந்தயத்துக்கென்று அமைந்த நீள்வட்ட மண்தடங்கள், அரை மைலோ ஒரு மைலோ சுற்றளவு கொண்டவை. இலினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு ஒருமைல் தடம் இவற்றுள் புகழ்பெற்றது. 1946 முதல் 1953 வரை அங்கு நடந்த ஒரே பந்தயத்தில் வென்றவரே நாட்டின் முதல்வராக '1' என்னும் எண்ணைத் தாங்கினார். பல பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டும் முறை 1954இல் வந்தது.

வண்டியின் ஒவ்வோர் உறுப்பும் இந்த மண்ணிலிருந்தே பிறந்தது என்பதை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஓட்டம் எப்போதும் இடப்பக்கமே திரும்பும். திருப்பத்தில் பின்சக்கரம் வெளிப்புறமாக வழுக்க, ஓட்டுபவர் முன்சக்கரத்தை எதிர்ப்புறம் திருப்பிப் பிடிப்பார். அந்த இழுபறிக்கு நெம்புவிசை வேண்டும் என்பதால்தான் ஹேண்டில்பார் அவ்வளவு அகலம். இடக்கால் தரையில் உரசிச் செல்லும். காலணியின் அடியில் இரும்புத் தகடு கட்டியிருக்கும். உடலை முன்னும் பின்னும் நகர்த்த இருக்கை தட்டையாக வேண்டும். நேர்ப்பாதையில் முறுக்கும்போது ஆள் பின்னே நழுவாமலிருக்க வால் நிமிர்ந்திருக்க வேண்டும். பெரிய சக்கரங்கள் சுழலும்போது தரும் நிலைப்பு, குண்டும் குழியுமான தடத்தில் வண்டியைத் தடுமாறவிடாது. பிரேக்? 1960களின் இறுதிவரை கிடையாது. முன்னால் செல்பவர் திடீரென்று பிடித்தால் பின்னால் வருபவர் கதி என்ன என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

விதி 1969இல் மாறியது. எல்லா வகை இயந்திரங்களுக்கும் 750 சிசி என்றானது. அதற்கு விடையாக ஹார்லி 1970இல் கொண்டுவந்ததே எக்ஸ்ஆர் 750. முதலில் வந்த இரும்புச் சிலிண்டர் இயந்திரம் சூடேறித் தொல்லை தந்தது. 1972இன் அலுமினிய வடிவம் மண்தடத்தைப் பல்லாண்டுகள் ஆண்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விதிக்கு வேண்டிய 200 வண்டிகளை நிறுவனம் செய்து முடித்தது. அவற்றில் ஒன்றிலும் ஹெட்லைட் இல்லை. சாலை வண்டியும் ஓடலாம் என்பதற்காகப் பிறந்த விதி, முப்பத்தாறே ஆண்டுகளில், சாலையில் ஓடவே முடியாத வண்டியை ஈன்றெடுத்தது! ஏழை வீரருக்கென்று திறந்த வாசல் இவ்வாறு மெல்லச் சாத்தப்பட்டது என்பது எங்கள் எண்ணம்.

சாத்திய வாசலின் இந்தப்பக்கம் நின்றவர்கள் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியாவில் டிராக்மாஸ்டர், சாம்பியன் போன்ற சிறு பட்டறைகள் பந்தயத்துக்கென்று சட்டகங்களைச் செய்து விற்றன. அவற்றை வாங்கி டிரையம்ஃப் இயந்திரத்தையோ யமஹா இயந்திரத்தையோ பொருத்தி, விளக்கும் பிரேக்கும் சேர்த்து, சிலர் 1970களில் வீதியில் ஓட்டத் தொடங்கினர். பந்தய வண்டி மீண்டும் வீடு திரும்பியது. சட்டகம் வாங்க வசதியற்றவர்கள் சாலை வண்டியையே அறுத்துச் செதுக்கினர்.

அவ்வாறு செதுக்க இன்றும் விரும்பப்படுவது 1970 முதல் 1980களின் நடுப்பகுதிவரை விற்ற யமஹா எக்ஸ்எஸ் 650. இரட்டைச் சிலிண்டர், எளிய அமைப்பு, கிக்கர் உண்டு. ஆகவே பேட்டரியை நீக்கிச் சிறு மின்தேக்கியை வைத்தே ஓட்டிவிடலாம். எடையோ 200 கிலோவுக்கு மேல். பந்தய எக்ஸ்ஆர் ஏறத்தாழ 140 கிலோ. இந்த இடைவெளியைக் குறைப்பதில்தான் கட்டுபவரின் தேர்ச்சி வெளிப்படும். சட்டகத்தின் வாலை அறுத்து வளையக் குழாய் ஒன்றை வெல்டிங் செய்வர். அறுக்கும் கோடு பின் ஷாக் அப்சார்பர் தாங்கிக்குப் பின்னே இருக்க வேண்டும். ஒரு விரற்கடை முன்னே வந்தாலும் வண்டியின் முதுகெலும்பு பலவீனப்படும். 18 அங்குலப் பின்சக்கரத்தை 19 ஆக்கினால் பின்பக்கம் உயர்ந்து முன்ஃபோர்க்கின் சாய்வு குறையும். திருப்பம் கூர்மையாகும், வேகத்தில் நடுக்கமும் வரலாம். முன்பக்கத்தையும் அதற்கேற்பத் திருத்தாமல் விட்டவர்கள் முதல் நெடுஞ்சாலையிலேயே பாடம் கற்றார்கள்.

முன்பிரேக் இல்லாமல் 'அசல்' தோற்றம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் எங்களுக்கு இரக்கமில்லை. மண்தடத்தில் எதிரே லாரி வராது. பழைய வீரர்கள்கூட வீடு திரும்புமுன் பிரேக்கைப் பூட்டிக்கொண்டார்கள் அல்லவா? ஒருபோதும் ஓடாத பந்தயத்தின் எண்ணைப் பக்கவாட்டில் எழுதிக்கொள்வது பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறோம்.

நம் ஊருக்கும் இதில் ஒரு சிறு பங்குண்டு. தமிழ்நாட்டில் உருவாகும் ராயல் என்ஃபீல்டின் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் 2020இல் அமெரிக்க மண்தடத்தில் இறங்கியது. சாலை வண்டி இயந்திரங்களுக்கென்றே அமைந்த பிரிவு அது. பழைய கிளாஸ் சி விதியின் பேரப்பிள்ளை எனலாம். அவ்வாண்டிலேயே ஜானி லூயிஸ் ஃபுளோரிடாவில் ஒரு வெற்றியும் பெற்றுத் தந்தார்.

இறுதியாக ஒருவர். மெர்ட் லாவில், 1969இன் தேசிய முதல்வர். புரூஸ் பிரவுன் 1971இல் வெளியிட்ட 'ஆன் எனி சண்டே' ஆவணப்படத்தில், மறு ஆண்டில் வண்டி ஒவ்வொன்றாகக் கைவிட, தம் '1' என்ற எண்ணைக் காப்பாற்ற அவர் படும் பாட்டைக் காணலாம். காப்பாற்ற முடியவில்லை, அது ஜீன் ரொமேரோவுக்குப் போயிற்று. ஓய்வுக்குப்பின் லாவில் பட்டறையை விடவில்லை. ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் இயந்திரத்தை வைத்துத் தாமே சிறு எண்ணிக்கையில் ஸ்ட்ரீட் டிராக்கர்கள் கட்டினார். அதே பட்டறை அறிவைக் கொண்டு வேறொன்றும் செய்தார். 1967இல் பந்தய விபத்தில் ஒரு கையை இழந்த சக வீரர் கிறிஸ் டிரேயருக்காக, ஹேண்டில்பாரைப் பற்றிக்கொள்ளும் செயற்கைக் கை ஒன்றை வடிவமைத்தார். டிரேயர் மறுபடியும் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்.