மலையிலிருந்து இறங்கிய ஊர்

டேராடூன் பள்ளத்தாக்கு 1815இல்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதற்கு மேலே முசூரியில் அவர்கள் வீடு கட்டத் தொடங்கியது 1820களில். ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறிப் போனது 1819. இவை எல்லாவற்றுக்கும் மூத்த மலைவாசத் தலம் இந்தியாவிலேயே இல்லை. வங்கக் கடலைத் தாண்டி, பினாங்கில் இருக்கிறது. 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கொடியேற்றினார். இரண்டே ஆண்டில், குடியேற்றத்துக்குப் பின்னால் நின்ற மலைமேல் காட்டை வெட்டிப் பாதை போட்டாயிற்று. ஸ்ட்ராபெரி பயிரிடத்தான் பாதை என்று சொல்வார்கள். அந்த மேட்டுக்கு இன்றும் ஸ்ட்ராபெரி ஹில் என்றே பெயர்.

ஜார்ஜ் டவுனின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். துறைமுகம், கோட்டை, கிட்டங்கி, மசூதி, சீனர் சங்கங்கள், 2008 ஜூலையில் கிடைத்த யுனெஸ்கோ பட்டியல். எல்லாம் உண்மை, எல்லாம் முக்கியம். ஆனால் முதுகுப் பக்கம் திரும்பினால் 833 மீட்டர் உயரத்தில் ஒரு மலைத்தொடர் ஊரை மடக்கி நிற்கிறது. அதிலிருந்து ஆயர் ஈத்தாம், தண்ணீர்மலை என்று இரண்டு பள்ளத்தாக்குகள் இறங்குகின்றன. இரண்டின் ஓடைகளும் கீழே சேர்ந்து பினாங்கு ஆறாகிக் கடலுக்குப் போகின்றன. துறைமுகத்தை நடத்தியதே இந்தத் தண்ணீர்தான். உப்புக் கடலில் வாரக்கணக்கில் கிடந்து வரும் கப்பல்காரனுக்கு மிளகும் தகரமும் அப்புறம். முதலில் நல்ல தண்ணீர் வேண்டும்.

லைட்டின் காலத்தில் ஊர் சாவோடு போராடிக்கொண்டிருந்தது. சதுப்பைத் தூர்த்துக் காட்டை அழித்த இடத்திலெல்லாம் காய்ச்சல். லைட்டும் 1794 அக்டோபரில் காய்ச்சலில்தான் போனார். வெள்ளைக்காரர்கள் மலையேறியது உல்லாசத்துக்காக என்பதைவிட உயிர் பிழைக்க என்பதே பொருந்தும். ஆளுநருக்கு பெல் ரெட்டிரோ என்றொரு பங்களா, நோயாளிகள் தேறுவதற்கு 1803இல் தனியாக ஒரு பங்களா. ஏறுவதற்குக் குதிரைக்குட்டி, அல்லது டோலி. ஒரு துரையையோ துரைசாணியையோ நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் மாற்றி மாற்றித் தோளில் சுமந்து உச்சிவரை கொண்டுபோனார்கள். மலையுச்சியில் இன்றுள்ள அருளொளித் திருமுருகன் கோயில், அக்காலத்துச் சிப்பாய்களும் டோலி தூக்கிகளும் கும்பிட்ட சிறு சன்னிதியிலிருந்து வளர்ந்தது என்பது கோயில் வரலாறு.

அந்த உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தால் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி, வங்கப் படையின் பொறியாளர் ராபர்ட் ஸ்மித் வரைந்த ஓவியங்கள். வில்லியம் டேனியல் அவற்றைச் செதுக்கி 1821இல் லண்டனில் வெளியிட்டார். இதே ஸ்மித்தான் பிறகு டில்லிக்குப் போய் குதுப்மினாரைப் பழுதுபார்த்து, உச்சியில் பொருந்தாத ஒரு குமிழ் மண்டபத்தை ஏற்றி வாங்கிக் கட்டிக்கொண்டவர். பினாங்கு மலை விஷயத்தில் அவருடைய ரசனை பிசகவில்லை.

இனித் தண்ணீர். 1804இல் மலை ஓடையிலிருந்து ஊருக்குச் செங்கல் கால்வாய் ஒன்று வந்தது. கட்டியவர்கள் கைதிகள். வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் நாடு கடத்தப்பட்டவர்களை வைத்தே கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தீவில் சாலை போட்டது, சதுப்பைத் தூர்த்தது, பாலம் கட்டியது. தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு நினைவு வரவேண்டும். 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, சிவகங்கையின் வேங்கன் பெரிய உடையணத் தேவர் உள்ளிட்ட ஏறத்தாழ 70 பேர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டார்கள். அனுப்பப்பட்ட இடம், அப்போது பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று பெயர் வைத்திருந்த இதே பினாங்கு.

கைதிகளுக்கு முன்பே வந்தவர்கள் சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் கப்பலில் வந்து, வணிகமோ கூலி வேலையோ செய்து, நாலு காசு சேர்ந்ததும் ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று லைட்டே எழுதி வைத்திருக்கிறார். இவர்களின் தலைவரான காதர் முகைதீன் பெயரோடு சேர்ந்ததுதான் 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் மசூதி. அங்கிருந்து சில நிமிட நடையில் குயின் வீதி மாரியம்மன் கோயில். அது 1833இல் எழுந்தது. துறைமுகத்தில் மூட்டை இறக்கியவரும், படகு தள்ளியவரும், சலவை செய்தவரும், வண்டி ஓட்டியவரும் இந்தச் சில தெருக்களுக்குள் குடியிருந்தார்கள்.

ஊர் பெருத்தது. பழைய கால்வாய் போதவில்லை. 1877இல் அதை மாற்றினார்கள். 1892இல் தண்ணீர்மலைப் பள்ளத்தாக்கில் விழும் அருவியின் அடியில் ஒரு நீர்த்தேக்கம் எழுந்தது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் மெக்ரிட்சி. சிங்கப்பூரில் அவர் பெயரில் இன்றும் ஒரு நீர்த்தேக்கம் உண்டு. அருவிக்குச் சற்றுக் கீழே, கைவிடப்பட்ட கருங்கல் குவாரிக் குழியை 1884 முதல் தாவரவியல் பூங்காவாக மாற்றிக்கொண்டிருந்தார் சார்லஸ் கர்ட்டிஸ். லண்டனின் வீச் நிறுவனத்துக்காகக் காடு காடாகச் செடி தேடி அலைந்தவர் அவர். குவாரியாக இருந்ததை இன்று யாரும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வேலை செய்திருக்கிறார். ஊரின் தாகம் அந்தப் பூங்காவையும் விழுங்கப் பார்த்தது: 1910இல் அதை மூழ்கடித்து நீர்த்தேக்கம் கட்டுவதாக முடிவாகி, நிலம் நகராட்சி கைக்குப் போயிற்று. இரண்டு ஆண்டில் திட்டம் கைவிடப்பட்டு, 1912இல் பூங்கா திரும்பி வந்தது. அதிகாரிகள் முடிவை மாற்றிக்கொள்வதால் நல்லது நடப்பது அபூர்வம், இது அப்படியொன்று.

இடம் மாற நேர்ந்தது முருகனுக்குத்தான்.

அருவியை ஒட்டித் தமிழ்த் தொழிலாளர்கள் வைத்து வணங்கிய ஒரு சிறு முருகன் சன்னிதி இருந்தது. தைப்பூசத்துக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர, குடிநீர் அசுத்தமாகும் என்று நகராட்சி பயந்தது. பயத்தில் நியாயம் உண்டு. காலரா கப்பலேறி வந்த காலம் அது. கடைசியில் எதிரே உள்ள குன்றில் மாற்று இடம் கிடைத்தது. 1915ஐ ஒட்டி அங்கே பாலதண்டாயுதபாணி கோயில் எழுந்தது. அருவியை விட்டு விலகினாலும் பெயர் விலகவில்லை. பினாங்குத் தமிழருக்கு அந்தப் பகுதி முழுவதுமே தண்ணீர்மலைதான், அங்கிருக்கிறவர் தண்ணீர்மலையான். அடிவாரத்தில் நகரத்தார் 1850களிலேயே தங்கள் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டியிருந்தார்கள். செட்டிநாட்டுப் பாணித் தேக்குத் தூண்களும் அகன்ற வளவும் கொண்ட அதில் நுழைந்தால் காரைக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் இருப்பதுபோலத் தோன்றும்.

நகரத்தாரின் தொழில் மலையடிவாரத்தில் இல்லை; கடற்கரைக்கு அருகே பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில். நீண்ட கூடம், தரையில் ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், ஓர் இடம், ஒரு மேசைப்பெட்டி. அங்கிருந்துதான் தகரச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கடன் போயிற்று. கடை ஒரு கோடியில், சாமி மறு கோடியில். இரண்டையும் இணைத்தது தேர். 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலில் வரவழைத்த வெள்ளி ரதம், பூசத்துக்கு முந்தைய நாள் விடியலில் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து கிளம்புகிறது. இதைச் செட்டிப் பூசம் என்பார்கள். காளைகள் இழுக்க, கடைத்தெருக்களைத் தாண்டி, டத்தோ கெராமாட் சாலை வழியாக மலையடிவாரம் சேர நாள் முழுக்க ஆகும். வழியில் சீனக் குடும்பங்கள் தேங்காயைக் குவித்து வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. ரதம் வருகிறது என்றதும் நூற்றுக்கணக்கில் உடைக்க, தெரு முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடும். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இந்த வீணடிப்பைப் பலமுறை கண்டித்தும் குவியல் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஊரின் வரைபடத்தை ஒரே நாளில் நடந்து படிக்க வேண்டுமானால் இந்த ரதத்தின் பின்னால் போனால் போதும். வணிகர் தெரு, தொழிலாளர் குடியிருப்பு, துரைமார் மாளிகைகள் இருந்த மேற்குச் சாலை, பிறகு பள்ளத்தாக்கு. மறுநாள் காவடிகளுக்காக அந்தச் சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். பள்ளிக்கூட நண்பர்கள், தொழிற்சங்கம், வங்கி ஊழியர், சீனக் கடைக்காரர் என்று பந்தல் போடாதவரே இல்லை. பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கிப் போட்டி வேறு. 2017 முதல் மாரியம்மன் கோயிலிலிருந்து வேல் தாங்கிய தங்க ரதமும் புறப்படுகிறது. இரண்டு ரதம் தேவையா என்று அப்போது எழுந்த சச்சரவு ஊரறிந்தது. குன்றின்மேல் 2012இல் குடமுழுக்குக் கண்ட புதிய கோயிலுக்கு 513 படிகள்.

பின்னாலுள்ள பினாங்கு மலைக்கு நடக்காமல் ஏற வழி வந்தது 1923இல். அதற்குமுன் கட்டிய ஒரு தடம் ஓடவே இல்லை, பணம்தான் போயிற்று. சுவிட்சர்லாந்து முறையில் அமைத்த இரண்டாவது கம்பிவட ரயில் 1923 அக்டோபரில் ஓடத் தொடங்க, 1924 புத்தாண்டு நாளில் ஆளுநர் லாரன்ஸ் கில்லமார்ட் முறைப்படி திறந்து வைத்தார். பாதி வழியில் இறங்கிப் பெட்டி மாறி, அரை மணி நேரத்தில் உச்சி. டோலி தூக்கிகளின் பிழைப்பு அன்றோடு முடிந்தது. சீட்டு வாங்க முடிந்த எவரும் இனி மலைவாசி. 2011இல் வந்த புதிய ரயில் நிற்காமல் சில நிமிடங்களில் கொண்டுபோய்விடுகிறது. அவசரம் இல்லாத ஊரில் எதற்கு இந்த அவசரம் என்று பழைய மரப்பெட்டியில் போனவர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள். 2021இல் மலையும் சுற்றுக் காடும் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாயின.

அருவித் தண்ணீர் இப்போது ஊருக்குப் போதாது. 1929இல் ஒரு நீர்த்தேக்கம், 1962இல் ஆயர் ஈத்தாம் அணை, 1999இல் தெலுக் பஹாங் அணை என்று கட்டிக்கொண்டே போயும், பினாங்கு இன்று குடிப்பதில் பெரும்பகுதி கெடா மாநில எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து கடலடிக் குழாய் வழியாக வருவது. அதற்கு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடு என்று கெடா கேட்கிறது. ஆறு இயற்கையின் சொத்து, தரமுடியாது என்கிறது பினாங்கு. இந்த வாடகைக் கணக்குக்கு வயது அதிகம். தீவை விட்டுக்கொடுத்ததற்காகக் கெடா சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று 1791இல் ஒப்பந்தம். எதிர்க்கரையையும் சேர்த்து 1800இல் 10,000. அந்தத் தொகை டாலரிலிருந்து ரிங்கிட்டுக்கு மாறியதே தவிர இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஏறவில்லை. 2018இல்தான் மலேசிய அரசு அதை ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது. தண்ணீருக்கான தொகை மட்டும் இன்னும் பேச்சில் இருக்கிறது.