பொறியியலா, வங்கிப் பணியா? சம்பளமும் எதிர்காலமும் - ஓர் ஒப்பீடு

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு குரல்கள் கேட்கும். 'இன்ஜினியரிங் சேர்த்துவிடுங்கள், துபாயிலோ சவூதியிலோ நல்ல சம்பளத்தில் எடுத்துவிடலாம்' என்பார் வெளிநாட்டில் இருக்கும் மாமா. 'ஏதாவது ஒரு டிகிரி முடித்து பேங்க் எக்ஸாம் எழுதட்டும், அரசு வேலை மாதிரி நிம்மதி' என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இருவருமே யாரோ ஒரு பையனை உதாரணம் காட்டித்தான் பேசுகிறார்கள். அந்தப் பையனின் சம்பளம் தெரியும்; அவன் அதை எட்ட எத்தனை ஆண்டு ஆனது, எவ்வளவு செலவானது, அவனோடு படித்த மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரியாது. தமிழகத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து, இரு துறைகளின் உண்மை நிலவரத்தை இங்கே பார்ப்போம்.

வங்கிச் சம்பளம்: காகிதத்தில் இருப்பது

பொதுத்துறை வங்கிகளில் சம்பளம் என்பது ரகசியம் அல்ல. வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தம் போடுகின்றன. கடைசியாக 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தான ஒப்பந்தம் 2022 நவம்பர் முதல் கணக்கிடப்பட்டு நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதல் நிலை அதிகாரியின், அதாவது பி.ஓ.வின், தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய். எழுத்தருக்கு 24,050 ரூபாய். ஸ்டேட் வங்கி தன் பி.ஓ.க்களுக்கு நான்கு இன்கிரிமென்ட்களை முன்கூட்டியே சேர்த்து 56,480 ரூபாயில் தொடங்குகிறது.

இவை அடிப்படைச் சம்பளம் மட்டுமே. அகவிலைப்படி, சிறப்புப் படி, வீட்டு வாடகைப் படி ஆகியவை சேரும்போது புதிய அதிகாரியின் மொத்தச் சம்பளம் 75,000 ரூபாயைத் தாண்டுகிறது. எழுத்தருக்கு 40,000 ரூபாயை ஒட்டி வரும். இதிலிருந்து ஓய்வூதியப் பங்கு, வரி போன்ற பிடித்தங்கள் போகும். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, என்.பி.எஸ். திட்டம்தான். இதைச் சொல்லாமல் 'பேங்க் வேலை என்றால் பென்ஷன் உண்டு' என்று இன்றும் பலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு வரிசை உண்டு. முதல் நிலை அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 2010ல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் 14,500, அடுத்ததில் 23,700, அதற்கடுத்து 36,000, இப்போது 48,480. ஒவ்வொரு முறையும் பழைய அகவிலைப்படியை அடிப்படைச் சம்பளத்தோடு இணைத்துவிடுவதால் இது முழுக்க 'உயர்வு' ஆகாது. ஆனாலும் விலைவாசிக்குப் பின்னால் சம்பளமும் நடந்து வந்திருக்கிறது என்பது தெளிவு.

பொறியியல் சம்பளம்: விரிந்து கிடப்பது

பொறியாளர் சம்பளம் என்று ஒன்று கிடையாது. கல்லூரி வளாகத்தில் மொத்தமாக ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களுக்கு ஆண்டுக்கு 3.25 முதல் 4 லட்சம் வரை தருகின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பும் ஏறக்குறைய இதே தொகைதான். வங்கி அதிகாரியின் அடிப்படைச் சம்பளம் மூன்று மடங்குக்கு மேல் ஆன காலத்தில், ஐ.டி.யின் நுழைவுச் சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. சிவில், மெக்கானிக்கல் படித்து உள்ளூர் நிறுவனங்களில் சேர்பவர்களில் பலர் மாதம் 15,000, 18,000 என்றுதான் தொடங்குகிறார்கள்.

இன்னொன்று, ஐ.டி. நிறுவனம் சொல்லும் ஆண்டுத் தொகை சி.டி.சி. எனப்படும். நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கும் தொகை, செயல்பாட்டைப் பொறுத்துத் தரும் ஊக்கத்தொகை, மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். கிராஜுவிட்டிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் கழிக்கிறார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் வேறு நிறுவனம் மாறினால் பொதுவாக அது கைக்கு வருவதில்லை. ஆக 3.5 லட்சம் என்றால் மாதம் 29,000 என்று வகுத்துப் பார்த்துவிட்டு, முதல் மாதம் 23,000, 24,000 வரும்போது வீட்டில் குழப்பம் வருகிறது. பெண் பார்க்கும் பேச்சில்கூட இந்த சி.டி.சி.யைத்தான் சம்பளமாகச் சொல்கிறார்கள், அது வேறு விஷயம்.

அப்படியானால் பொறியியல் நஷ்டமா? இல்லை. தொடக்கத்தை மட்டும் பார்த்தால் வங்கி அதிகாரிதான் முன்னால் நிற்கிறார். ஆனால் திறமையை வளர்த்துக்கொண்ட மென்பொருள் பொறியாளர் மூன்று நான்கு ஆண்டுகளில் நிறுவனம் மாறும்போது சம்பளம் ஒரே தாவலில் ஏறும்; பத்தாவது ஆண்டில் வங்கி அதிகாரியைப் பல மடங்கு தாண்டியவர்களும் உண்டு. தாண்டாமல் அதே வேலையில் நின்றுவிட்டவர்களும், நாற்பது வயதை ஒட்டி ஆள்குறைப்பில் வெளியே வந்தவர்களும் உண்டு. வங்கியில் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று படிப்படியாக ஏறலாம். பெரிய ஏற்றமும் இல்லை, பெரிய இறக்கமும் இல்லை. குடும்பத்தில் வேறு வருமானம் இல்லாத மூத்த பிள்ளைக்கும், அத்தா வெளிநாட்டில் சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் இந்த வேறுபாடு ஒரே மாதிரி இருக்காது.

பொறியியலிலும் நிலையான வேலைகள் இருக்கின்றன. கேட் தேர்வு மதிப்பெண் வழியாகச் சில பொதுத்துறை நிறுவனங்களில் சேரும் பொறியாளரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 50,000 ரூபாய். டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவிப் பொறியாளர் ஆனால் 37,700 ரூபாய். நம் பிள்ளைகள் இந்தத் தேர்வுகளை எழுதுவது மிகக் குறைவு. கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே தயாரிப்பைத் தொடங்கினால்தான் கேட் எட்டும்.

செலவும் காலமும்

வங்கித் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அரசுக் கல்லூரியில் பி.காம். மூன்றாண்டு படிக்கச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பொறியியலில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே, 2017ல் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்தபடி, ஆண்டுக்கு 50,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. விடுதியும் பேருந்தும் தனி. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் 25,000 ரூபாய் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பி.சி. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதமும் கலந்தாய்வில் உண்டு. இவ்வளவு இருந்தும் கலந்தாய்வுக்குக் காத்திராமல் மே மாதமே நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிவிடும் பெற்றோர் நம்மில் அதிகம்.

வங்கிப் பக்கத்திலும் மறைந்த செலவு உண்டு, அது காலம். லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வு அது. பட்டம் முடித்து ஓராண்டோ இரண்டாண்டோ வருமானம் இல்லாமல் படிக்க வேண்டியிருக்கும். பி.ஓ. தேர்வுக்கு முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என மூன்று கட்டம். ஐ.பி.பி.எஸ். நடத்தும் தேர்வில் வயது வரம்பு 30, எழுத்தருக்கு 28. எழுத்தர் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், நேர்முகத் தேர்வும் கிடையாது. அதிகாரியை இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றுவார்கள். எழுத்தருக்குப் பெரும்பாலும் சொந்த மாநிலம்தான். வெளி மாநிலம் அனுப்பத் தயங்கும் குடும்பத்துப் பெண்களுக்கு இது முக்கியமான வேறுபாடு.

வட்டி என்ற கேள்வி

இதை ஒதுக்கிவிட்டு நம் வீடுகளில் வங்கி வேலையைப் பேச முடியாது. வட்டியை குர்ஆன் தடை செய்திருக்கிறது. வாங்குபவர், கொடுப்பவர் மட்டுமல்ல, அதை எழுதுபவரும் சாட்சியாக நிற்பவரும் அந்தப் பாவத்தில் சமம் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் நபிமொழி உள்ளது. கடன் ஒப்பந்தம் எழுதுவதும் வட்டியைக் கணக்கிட்டு வசூலிப்பதும் வங்கி அதிகாரியின் அன்றாட வேலை. ஆகவே இத்தகைய பணி கூடாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் நிலைப்பாடு. வங்கியின் கணினிப் பிரிவு, பாதுகாப்பு போன்ற பணிகளில் கருத்து வேறுபாடு இருக்கிறது. வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் இருப்பவருக்குச் சிலர் தளர்வு தருகிறார்கள்.

தீர்ப்பு சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேளுங்கள். ஆனால் எப்போது கேட்பது என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாண்டு கோச்சிங் படித்து, மூன்று கட்டத் தேர்வையும் கடந்து, நியமன ஆணை கையில் வந்த பிறகு பள்ளிவாசலுக்குப் போய்க் கேட்டால், பதில் எதுவாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குச் சுமைதான். ஒன்று வேலையை விட்டு வயதும் இழப்பான். அல்லது மனக் குத்தலோடு முப்பது ஆண்டு வேலை பார்ப்பான். கல்லூரியில் சேரும் முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்வி இது.

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு பக்கமும் இருக்கிறது. 'வங்கி வேலை ஹராம்' என்று மகனைத் தடுத்துவிட்டு, அதே வங்கியில் வட்டிக்குக் கல்விக்கடன் வாங்கி நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்க்கிறோம். வேலையில் பேணுதல் வேண்டும் என்றால் கட்டணத்திலும் வேண்டும். கலந்தாய்வு இடம், மேலே சொன்ன சலுகைகள், ஜமாஅத்தின் பைத்துல்மால் ஆகியவற்றை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

நிதித் துறையில் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு வங்கி மட்டுமே வாசல் இல்லை. சி.ஏ. படிப்பைப் பிளஸ் டூ முடித்ததும் தொடங்கலாம். கட்டணம் பொறியியலை விடக் குறைவு, பயிற்சிக் காலம் இப்போது இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. அதில் எத்தகைய கணக்குகளைப் பார்ப்பது என்பதையும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் வட்டியில்லா வங்கிமுறையை முன்னெடுப்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017ல் தெரிவித்துவிட்டது. ஆனால் வளைகுடாவிலும் மலேசியாவிலும் இஸ்லாமிய வங்கிகள் பெரிய துறை. இலங்கையில் அமானா வங்கி 2011 முதல் முழுக்க அந்த முறையில் இயங்குகிறது. பஹ்ரைனில் உள்ள அயோஃபி அமைப்பு ஷரீஆ தணிக்கைக்கும் கணக்கியலுக்கும் சான்றிதழ்த் தேர்வுகள் நடத்துகிறது. கணக்கியல் அறிவோடு அரபி மொழியும் தெரிந்தவர் நம் பிள்ளைகளில் அபூர்வம். மதரஸாவில் ஓதியவர் பி.காம். படித்தால் அந்த இடம் அவருக்குத் திறந்திருக்கிறது.

வளைகுடா கனவு உள்ளவர்கள் கவனிக்க

பொறியியல் படித்தால் வளைகுடாவில் வேலை என்பது முன்பு போல் எளிதில்லை. குவைத்தில் 2018ல் பொறியாளர்களின் இகாமாவைப் புதுப்பிக்க அந்நாட்டுப் பொறியாளர் சங்கத்தின் ஒப்புதல் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியப் பட்டங்களுக்கு என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் கேட்டார்கள். பல ஆண்டு அங்கே வேலை பார்த்தவர்களே, தாங்கள் படித்த பிரிவுக்கு அது இல்லாததால் பொறியாளர் பதவியைப் புதுப்பிக்க முடியாமல் தவித்தார்கள். சவூதியிலும் பொறியாளர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும்.

கல்லூரி விளம்பரத்தில் 'நாக்' தரச்சான்று என்று போட்டிருப்பார்கள். அது கல்லூரிக்குத் தருவது. என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தரப்படுவது. ஒரே கல்லூரியில் சிவிலுக்கு இருந்து மெக்கானிக்கலுக்கு இல்லாமல் போகலாம். என்.பி.ஏ. இணையதளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வங்கி உள்ளிட்ட மத்தியத் தேர்வுகளுக்குப் போகிறவர்கள் சான்றிதழில் ஏமாறக் கூடாது. நம்மிடம் இருக்கும் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்கானது. அங்கே அது செல்லாது. மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். லப்பை, ராவுத்தர், மரைக்காயர் அதில் உள்ளனர். இருந்தால், கிரீமி லேயரில் வரவில்லை என்ற குறிப்போடு மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதனால் 27 சதவீத ஒதுக்கீடும் வயதில் மூன்றாண்டு தளர்வும் கிடைக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். நேர்முகத் தேர்வு நாளில் அது செல்லுபடியாக வேண்டும் என்பதால், பழைய சான்றிதழை நம்பியிராமல் தேர்வு அறிவிப்பில் உள்ள தேதியைப் பார்த்துப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.