அபூ ஸைத் அல்பல்கீயும் உள்ளத்தின் ஆரோக்கியமும்

குராசானை ஆண்ட ஸாமானிய அமீர் ஒருவர், பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீயின் துணையை நாடி அவரைப் புகாராவுக்கு அழைத்தார். அறிஞரும் புறப்பட்டார். ஆனால் ஜைஹூன் நதிக்கரையை அடைந்து, அதன் அகலத்தையும் நீரோட்டத்தின் வேகத்தையும் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டார். என் மதியின் நேர்மையைக் கேள்வியுற்று அழைத்தீர்கள். அம்மதியோ இந்த ஆற்றைக் கடக்க வேண்டாம் என்கிறது என்ற கருத்தில் அமீருக்கு மடல் எழுதினார். அமீர் வியந்து, ஊர் திரும்புமாறு பணித்தார். பூகோள ஆசிரியர் முகத்தஸீ இச்செய்தியைப் பதிந்துள்ளார். அது அச்சமா, விவேகமா என்று நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை. மனித அச்சத்தைப் பற்றி அத்துணை நுட்பமாக எழுதியவர் அதனை ஏட்டில் மட்டும் கண்டவரல்லர் என்று எண்ண மட்டும் இஃது இடந்தருகிறது.

அபூ ஸைத், பல்கை அடுத்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஹிஜ்ரீ 235இல் (கி.பி. 850) பிறந்தார். தந்தை பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தவர். மகனும் தொடக்கத்தில் அப்பணியையே செய்தார். (எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு இத்தகவல் சற்று இனிக்கத்தான் செய்கிறது.) பின்னர் கால்நடையாக இராக்குக்குச் சென்று எட்டாண்டுகள் தங்கினார், தத்துவ மேதை அல்கிந்தீயிடம் பயின்றார். ஊர் திரும்பிப் பல துறைகளில் நூல்கள் இயற்றி, ஹிஜ்ரீ 322இல் (934) மறைந்தார். உலகம் அவரை நெடுங்காலம் நிலப்படங்கள் வரைந்த பூகோள அறிஞராகவே அறிந்திருந்தது.

நாம் இங்கு எடுத்துக்கொண்டது அவரது ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலாகும். உடல்களின் நலன்களும் உள்ளங்களின் நலன்களும் என்பது அத்தலைப்பின் பொருள். முற்பகுதி உடலைப் பற்றியது. குடியிருப்பு, காற்று, நீர், உணவு, உறக்கம், குளியல், உடற்பயிற்சி எனப் பதினான்கு இயல்களாக அது விரிகிறது. இவ்வகையில் எழுதியோர் அக்காலத்தில் வேறு பலரும் உண்டு. எட்டு இயல்களே கொண்ட பிற்பகுதிதான் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

உடல் நோயுற்றால் உள்ளம் தன் தெளிவை இழக்கிறது. உள்ளம் நோயுற்றால் உடல் தன் இன்பங்களை இழக்கிறது. இரண்டையும் பிரித்து மருத்துவம் பார்க்க இயலாது. இதுவே அவர் நிலைப்பாடு. உடற்பிணி தீண்டாமலே நெடுநாள் வாழ்வோர் உண்டு. உள்ளத்தின் நோவு தீண்டாத மனிதரோ இல்லை. அவ்வாறிருந்தும் மருத்துவர்கள் இதனைத் தம் நூல்களில் சேர்க்கவில்லையே என்று அவர் குறைபட்டுக்கொள்கிறார். அவர் காலத்தவரான அர்ராஸீயும் உள்ளத்து மருத்துவம் பற்றி நூல் எழுதியவரே. ஆயின் அந்நூலில் ஒழுக்கவியலின் குரலே மேலோங்கி நிற்கிறது. அல்பல்கீயோ கோபத்தையும் அச்சத்தையும் துயரத்தையும் வஸ்வாஸையும் பாவங்களின் வரிசையில் வைக்கவில்லை. காய்ச்சலைப் போல், தலைவலியைப் போல் வைத்தார். நம் கணிப்பில் அவரது தனிச்சிறப்பு இதுதான்.

துயரத்தை அவர் இரண்டாகப் பகுக்கிறார். பொருளிழப்பு, மரணம் போன்ற தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று. அதற்கு மருந்து சிந்தனையும் நல்லுரையும். காரணமே தெரியாமல் வந்து கவிவது மற்றொன்று. அது இரத்தத்தின் நிலையோடு தொடர்புடையது என்பதால் அதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்கிறார். இரத்தம் பற்றிய அக்காலக் கொள்கை இன்று செல்லாது. பகுப்போ இன்றைய மனநல மருத்துவர்களுக்கும் அந்நியமானதன்று. அமைதியான வேளையில் நல்லெண்ணங்களைத் திரட்டி வைத்துக்கொள்ள வேண்டும், அவசரத்துக்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதைப் போல, என்பதும் அவர் அறிவுரை. அத்துடன் அவர் நிற்கவில்லை. கலங்கிய உள்ளம் தன்னைத் தானே திருத்திக்கொள்வது அரிது. ஆதலால் வெளியிலிருந்து வரும் பிறர் சொல் இன்றியமையாதது என்று வலியுறுத்துகிறார். அதாவது, ஒருவரைச் சூழ்ந்திருக்கும் மனிதர்களும் அவருடைய மருந்தில் ஒரு பகுதி.

ஐரோப்பாவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்களவர் கண்டுபிடித்தார் என்று மேடைகளில் முழங்க இந்நூல் வசதியானதுதான். அதில் நமக்கு ஈடுபாடில்லை. இஸ்தன்பூலில் ஆயா ஸோஃபியா தொகுப்பின் 3741ஆம் எண்ணில் உறங்கிய அந்நூலின் கையெழுத்துப் படியை ஃபுவாத் ஸெஸ்கின் 1984இல் ஃபிராங்ஃபர்ட்டில் அப்படியே அச்சிட்டு வெளியிட்டார். உள்ளத்தைப் பற்றிய பகுதியைச் சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ 2013இல் ஆங்கிலத்தில் தந்தார். நாம் ஓதிய பாடத்திட்டத்திலோ, நாம் ஓதிக்கொடுத்த பாடத்திட்டத்திலோ இந்நூலின் பெயர்கூட இருந்ததில்லை.

அப்பெயர் தெரிவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பு நம்மிடம் ஒரு மாணவர் ஓதினார், கூர்ந்த அறிவினர். உளூச் செய்ய அமர்ந்தால் எழமாட்டார். ஒரே உறுப்பைப் பத்து முறை, இருபது முறை கழுவுவார். தக்பீர் கட்டிய கையை அவிழ்த்து மீண்டும் கட்டுவார். விரல்களின் தோல் வெளுத்து உரிந்தது. உணவு குறைந்தது, உறக்கம் போயிற்று, உடல் மெலிந்தது. ஷைத்தானின் ஊசலாட்டம், அவூது ஓதிக்கொள் என்றோம். ஈமானை உறுதிப்படுத்து என்றோம். அவரோ அதையும் தம் ஈமானின் குறையாக எடுத்துக்கொண்டு மேலும் ஒடுங்கினார். சக மாணவர்கள் கேலி பேசத் தொடங்கவே, தொந்தரவின்றி இருக்கட்டும் என்று மாடியில் தனியறை ஒன்று ஒதுக்கிக் கொடுத்தோம். மூன்றாம் மாதம், ஓதுவதை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

வஸ்வாஸ் பற்றிய இயலை வாசித்தபோது அல்பல்கீ முதன்மையாக எச்சரிப்பது எதனை என்று கண்டோம். தனிமை. வஸ்வாஸ் உடையவர் தனித்திருக்கலாகாது, மனிதர்களோடு கலந்திருக்க வேண்டும், வேலையின்றி இருக்கலாகாது என்று அவர் எழுதுகிறார். அந்த மாடியறையின் சாவியை அம்மாணவரின் கையில் கொடுத்தவர்கள் நாம்தாம். அதனை அன்று இரக்கம் என்றே கருதியிருந்தோம்.