பிள்ளைகள் ஆட, ஊர் விழித்திருந்த கதை

திருவனந்தபுரத்தில் நெடுங்காலம் வசிக்கும் நமது அங்கத்தினர்களுக்கு ஜனவரி மாதம் என்றால் பொங்கலோடு இன்னொன்றும் நினைவுக்கு வரும். அதுதான் பள்ளிக்கூட யூத் ஃபெஸ்டிவல். 2009-இல் 'கலோத்ஸவம்' என்று பெயர் மாறியது. பழக்க தோஷம், என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ ஒருவர் பெற்ற குழந்தை ஆடுவதைப் பார்க்க, அதற்கு எந்த உறவும் இல்லாத ஜனங்கள் குல்லாவும் மப்ளருமாய் உட்கார்ந்திருக்கும் அதிசயம் வேறெங்கும் உண்டா என்பது சந்தேகமே. இது எப்படி ஆரம்பமாயிற்று என்பதை நமது இளைய தலைமுறையும் தெரிந்து கொள்ளலாம்.

கேரள மாநிலம் பிறந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. முதல் தேர்தல்கூட நடக்கவில்லை, முதல் மந்திரிசபையும் அமையவில்லை. அதற்கு முன்பே, 1957 ஜனவரியில், எர்ணாகுளம் எஸ்.ஆர்.வி. பெண்கள் பள்ளியில் முதல் விழா நடந்துவிட்டது. அப்போதைய கல்வித்துறை டைரக்டர் சி.எஸ். வெங்கடேஸ்வரன், டில்லியில் பல்கலைக்கழக மாணவர்களின் கலைவிழாவைப் பார்த்துவிட்டு, நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று எண்ணினாராம். அவருக்குத் துணை நின்றவர்களில் எர்ணாகுளம் சமூகம் பள்ளித் தலைமையாசிரியர் கணேச ஐயரும் ஒருவர். கலந்து கொண்டது சில நூறு பிள்ளைகளே.

அந்தக் காலகட்டத்தை யோசித்துப் பாருங்கள். திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என்று தனித்தனியே இருந்த பிரதேசங்களை ஒட்டிச் சேர்த்திருந்தார்கள். இந்தப் பக்கம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை ராஜ்யத்துக்குப் போய்விட்டன. நம்மில் பலருடைய குடும்பங்களுக்குச் சுசீந்திரமும் நாகர்கோவிலும் ஒரே நாளில் அயல் மாநிலமாயின. வடக்கே உள்ள பிள்ளையும் தெற்கே உள்ள பிள்ளையும் ஒரே மேடையில் ஏறியது சின்ன விஷயமல்ல என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த வருஷம், 1958-இல், விழா நமது ஊருக்கு வந்தது. வாய்ப்பாட்டில் முதல் பரிசு பள்ளுருத்தி செயிண்ட் செபாஸ்டியன் பள்ளி மாணவர் கே.ஜே. யேசுதாஸுக்கு. மிருதங்கத்தில் முதல் பரிசு இரிஞ்ஞாலக்குடா நேஷனல் பள்ளிப் பையன் பி. ஜெயசந்திரனுக்கு. பரிசு வாங்கிய இருவரையும் சேர்த்து மேடையேற்றினார்கள். இவர் பாட, அவர் மிருதங்கம் வாசிக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் எத்தனையோ பத்திரிகைகளில் வந்திருக்கிறது. அன்று கேட்டவர்கள் வருங்காலப் பாடகர்கள் இருவரை ஓசியில் கேட்டோம் என்று அறிந்திருக்க மாட்டார்கள். 1959-இல் மூன்றாவது விழா, தமிழ் மணக்கும் சித்தூரில்.

போட்டியின் உஷ்ணம் ஏறியது எண்பதுகளில்தான். 1985-இல் எர்ணாகுளம் விழாவுக்கு வந்த கவிஞர் வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனோன், ஜெயிக்கும் ஜில்லாவுக்குத் தங்கக் கோப்பை கொடுக்கலாமே என்றார். கோப்பையும் வந்தது, 117.5 பவுன், கிட்டத்தட்ட ஒரு கிலோ! 1986 முதல் 'கலாதிலகம்', 'கலாப்ரதிபா' பட்டங்கள். முதல் கலாப்ரதிபா பிற்பாடு சினிமா நடிகரான வினீத். இரண்டு முறை கலாதிலகமான மஞ்சு வாரியர் நமது நாகர்கோவிலில் பிறந்தவர். பட்டம் சினிமாவுக்கு வாசல் என்று ஆனதும் பெற்றோர்களுக்குத் தூக்கம் போயிற்று. 2005-க்குப் பிறகு பட்டங்களை எடுத்தே விட்டார்கள். நல்ல காரியம் என்பேன்.

ஆனால் அப்பீல் நிற்கவில்லை. ஜில்லா அளவில் தோற்ற குழந்தை கோர்ட் உத்தரவோடு மாநில மேடைக்கு வரும். அதனால்தான் ராத்திரி முடிய வேண்டிய நாட்டியம் விடியற்காலை வரை நீள்கிறது. ஆடை, நகை வாடகை, ஒப்பனை, பக்கவாத்தியம் என்று கணக்குப் பார்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்குத் தாங்காது. எங்கள் உறவில் ஒரு குழந்தை இரண்டாவதாக வந்ததற்கு அதன் தாயார் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. சொந்தக் குழந்தை மேடையில் இருந்தால் நம்மால் பார்க்கவே முடிவதில்லை. கண் ஜட்ஜின் பேனா மேல் இருக்கிறது. ஆகவே நான் போவது மற்றவர்கள் குழந்தைகளைப் பார்க்கத்தான்!

2016-க்குப் பிறகு, 2025 ஜனவரி 4 முதல் 8 வரை விழா மறுபடி நமது ஊரில். 25 மேடைகள், 249 இனங்கள். மேடைகளுக்கு ஆறுகளின் பெயர்கள். புத்தரிக்கண்டம் மைதானத்தில் பழயிடம் மோகனன் நம்பூதிரியின் சமையல். பாயஸத்துக்கு நின்ற வரிசையைப் பார்த்து நான் திரும்பிவிட்டேன். முடிவில் திருச்சூர் 1008, பாலக்காடு 1007. ஒரே ஒரு பாயிண்ட்! மறுநாளே, ஜனவரி 9 அன்று, ஜெயசந்திரன் காலமான செய்தி வந்தது.

அந்த வருஷம்தான் பணியர், இருளர், பளியர் முதலான மலைவாசிகளின் ஐந்து ஆட்டங்கள் முதன்முதலாகப் போட்டியில் சேர்ந்தன. அறுபத்தெட்டு வருஷம் தாமதம், என்றாலும் வந்ததே.

பலருக்குத் தெரியாத ஒன்று, தமிழ்ப் பத்யம் சொல்வதும் தமிழ்ப் பிரசங்கமும் இந்த விழாவில் உண்டு. நாட்டியத்துக்குக் கூடும் கூட்டம் அங்கே இராது. நான் போனபோது அறையில் பத்துப் பதினைந்து பேர். இடுக்கி மலைத்தோட்டப் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண் நடுவில் ஓர் அடி மறந்து, கண்ணை மூடிக்கொண்டு, மேலேயிருந்து மறுபடி பிடித்தாள். என்ன கணீரென்ற குரல்! அவளுடைய அப்பா தேயிலைத் தோட்டத்தில் லீவு சொல்லிவிட்டு வந்தவராம். நாற்காலிகள் காலியாகவே இருந்தும் உட்காராமல், வாசலில் நின்றபடியே கேட்டார். பேச்சுக் கொடுத்தேன். சாப்பிட்டாயிற்றா என்றதற்குத் தலையாட்டினார். ராத்திரியே மூணாறு பஸ் பிடிக்க வேண்டும், தம்பானூருக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்.