ஒரு சூரியன், இரண்டு கடிகாரங்கள்

சூரிய உதயத்தைக் கணிக்கும் கணினி நிரலுக்குத் திகதி, அகலக்கோடு, நெடுங்கோடு, கிரீன்விச் நேர வித்தியாசம் ஆகிய நான்கும் வேண்டும். சூரியனின் மையம் அடிவானுக்கு 50 கலை கீழே நிற்கும் கணமே உதயம். 6 பாகை கீழே நிற்கையிலேயே வைகறை வெளிச்சம் போதுமானதாகிவிடும்.

நான்காவது எண் மட்டும் அரசின் கையில் உள்ளது. மின்பற்றாக்குறையால் 1996 மே 25 இல் இலங்கைக் கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்நகர்த்தப்பட்டன. ஆறு மணிக்குச் சற்று முன்னரான கொழும்பின் உதயம் ஏழை நெருங்கியது. பிள்ளைகள் இருளில் பாடசாலைக்குப் புறப்பட்டனர். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோ பழைய நேரத்தையே பேணின. அங்கிருந்து வரும் செய்திகளில் ‘எந்த நேரம்?’ என்று நான் கேட்டெழுத வேண்டியிருந்தது.

2006 ஏப்ரல் 15 இல் பழைய நேரம் மீண்டது. கடிகாரங்கள் ஒன்றாகின. அவ்வாண்டே போரும் மீண்டும் மூண்டது.