தூத்துக்குடிக்கு எப்படிப் போவது?

காரில் போகலாம், ரயிலில் போகலாம், விமானத்திலும் போகலாம். பதில் இவ்வளவுதான். ஆனால் இந்த மூன்று வழிகளும் எப்படி வந்தன, நடுவில் ஒரு வழி எப்படிக் காணாமல் போனது என்று பார்த்தால், ஒரு ஊரின் தலையெழுத்தே அதில் தெரியும்.

முதலில் ரயில். மீட்டர்கேஜ் பாதை 1876-ல் தூத்துக்குடியைத் தொட்டது. இன்று மணியாச்சியில் பிரியும் பாதைகளைப் பார்ப்பவர்கள், திருநெல்வேலிக்குப் போவதுதான் மெயின் லைன், தூத்துக்குடிக்குப் போகும் சுமார் 30 கி.மீ. ஒரு கிளை என்று நினைப்பார்கள். அன்று கதை நேர்மாறு! தூத்துக்குடிதான் முக்கியம், திருநெல்வேலிதான் கிளை. காரணம், வெள்ளைக்காரனுக்கு வேண்டியது துறைமுகம். பருத்தி வெளியே போக வேண்டும், ஆட்கள் கொழும்புக்குப் போக வேண்டும்.

அப்படி வந்ததுதான் போட் மெயில். மதராஸில் ஏறினால் சுமார் 22 மணி நேரத்தில் தூத்துக்குடி. அங்கிருந்து கப்பலில் ஓர் இரவு, விடிந்தால் கொழும்பு. கரையோரம் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நடுக்கடலில்தான் நிற்கும். சிறு படகில் போய்த்தான் ஏற வேண்டும். வியாபாரிகள், துரைமார்கள், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்கள் என எல்லோரும் இந்த வழியாகப் போனார்கள்.

அந்தக் கடல்வழி ஒரே ஒரு ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அதை எதிர்த்துத்தான் வ.உ.சி. 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். 1907-ல் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது. அதுவும் பலிக்காமல் இலவசமாக ஏற்றிக்கொண்டு, கூடவே ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். போட்டியாளனை ஒழிக்க நஷ்டத்துக்கு விற்பது என்று இன்று பி.காம். வகுப்பில் படிக்கிறோமே, அது நம் ஊர்க் கடற்கரையிலேயே நடந்திருக்கிறது.

1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை (பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது). அவர் சிறையில் இருக்கும்போதே 1911-ல் கம்பெனி மூடப்பட்டது.

அதே 1911, ஜூன் 17. கலெக்டர் ஆஷ் திருநெல்வேலியிலிருந்து கிளை ரயிலில் மணியாச்சி வந்து, கொடைக்கானல் போவதற்காகக் காத்திருக்கிறார். எதற்காக? தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக. அந்தச் சில நிமிடங்களில்தான் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார். இன்று அந்த நிலையத்தின் பெயரே வாஞ்சி மணியாச்சி. தூத்துக்குடி மெயின் லைனாகவும் திருநெல்வேலி கிளையாகவும் இருந்ததால்தான் ஆஷ் அங்கே காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நாம் கவனிப்பதில்லை.

பிறகு வந்தது அடி. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 35 கி.மீ.தான், ஓர் இரவுக் கடல் பயணம் எதற்கு? தூத்துக்குடிக்குக் கப்பல்கள் தொடர்ந்து வந்தாலும், மதராஸ்-கொழும்பு பயணிகளின் ராஜபாட்டை கைமாறிவிட்டது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது தனுஷ்கோடி வழிப் பாட்டையும் முடிந்தது. இன்னொரு பக்கம், திருநெல்வேலி பாதை 1904-ல் கொல்லம் வரையும், 1981-ல் நாகர்கோவில் வரையும் நீண்டது. மெயின் லைன் கிளையானது, கிளை மெயின் லைனானது! 2011 ஜூனில் தூத்துக்குடி-கொழும்பு பயணிகள் கப்பல் மறுபடியும் தொடங்கியது. சில மாதங்களில் நின்றும் போனது.

ஆனாலும் ஊர் சாகவில்லை. ஆழ்கடல் துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகம் என அறிவிக்கப்பட்டது. 2011-ல் அதற்கு வ.உ.சி. பெயரே வைக்கப்பட்டது. கப்பலுக்குப் பின்னால் லாரி வந்தது, லாரிக்காக மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நான்குவழிச் சாலை வந்தது. காரில் போகிறவர்கள் அந்தக் கண்டெய்னர் லாரிகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். வாகைக்குளத்தில் 1992-ல் விமான நிலையம் வந்தது. ஓடுபாதை குட்டை என்பதால் பல வருடங்கள் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள் மட்டுமே இறங்கின. ஓடுபாதை 3 கி.மீ.க்கு மேல் நீட்டப்பட்டு, புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது.

இவ்வளவு வழி இருந்தும், 2023 டிசம்பர் பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியபோது சாலை, ரயில், விமானம் மூன்றும் முடங்கின. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ஒரு ரயிலே சிக்கி நின்றது. உணவுப் பொட்டலம் ஹெலிகாப்டரில் வந்தது.

இதிலிருந்து எனக்குப் புரிவது ஒன்றுதான். தூத்துக்குடிக்கு வந்த பெரிய வழிகள் எல்லாம் பெரும்பாலும் சரக்குக்காகவோ, வேறு எங்கோ போகிறவர்களுக்காகவோ வந்தவை. அவர்களுக்குக் குறுக்குவழி கிடைத்ததும் ஊரைக் கைவிட்டார்கள். இந்த ஊருக்கே வருகிறவர்கள், இந்த ஊரிலேயே இருப்பவர்கள் கணக்கில் கடைசியாகத்தான் வந்தார்கள். பயணம் செய்பவனே அந்தப் பயணத்தில் பங்குதாரராக இருக்க வேண்டும் என்று 25 ரூபாய்க்குப் பங்கு விற்றவர் ஒருவர்தான். அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள்.